வெள்ளாற்றில் விட்டு வந்த கொடுவா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்து, பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கி வைத்தேன். ரீல், முள், ஈயக்குண்டு, தக்கை, நரம்பு உருண்டை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வாசல் தெளிக்க வந்த என் மனைவி, "மறுபடியும் பரங்கிப்பேட்டைக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போன தடவை மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வராம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நெல்லுக்கு இலைச்சுருட்டுப் புழு, கரும்புக்கு இடைக்கணுப் புழு என்று எழுதிக்கொண்டிருப்பவன் தூண்டில் கதைக்கு ஏன் வந்தான் என்று நீங்கள் நினைக்கலாம். வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டுகளாக விவசாயிகளிடம் நான் கேட்டு வந்த ஒரு கேள்வியை, என்னிடம் நானே கேட்டுக்கொள்ளப் பதினோரு மாதம் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆறு கடலைத் தொடும் இடம்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வெள்ளாற்றை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேலம் பக்கத்து மலைகளில் இருந்து வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறு ஆகின்றன. வழியில் மணிமுத்தாறும் வந்து கலக்கிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு, புவனகிரி என்று நெல் வயல்களுக்கு நடுவே நடந்து, பரங்கிப்பேட்டையில் வங்கக்கடலில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீராணம் ஏரி நிரம்பினால், அதன் உபரித் தண்ணீரும் சேத்தியாத்தோப்பு வழியாக இந்த ஆற்றுக்குத்தான் வரும்.

பரங்கிப்பேட்டையைப் போர்ச்சுக்கீசியர்கள் 'போர்ட்டோ நோவோ' என்றார்கள். புதிய துறைமுகம் என்று பொருள். 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய சண்டை நடந்த ஊர். 1830 வாக்கில் இங்கே ஆங்கிலேயர் ஒருவர் இரும்பாலை நடத்தினார். இன்று வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை அறிவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தாலும், வெள்ளாற்றுக்குத் தெற்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டாலும்தான்.

நான் 1987இல் அண்ணாமலை நகரில் வேளாண்மை படிக்கச் சேர்ந்தேன். விடுதியில் இருந்து சைக்கிளில் கிள்ளை வரை வந்து, அங்கிருந்து ஆற்றோரம் போவோம். அப்போது எங்களைத் தன் தோணியில் ஏற்றிக்கொண்ட ஒரு மீனவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எங்கள் நாலு பேருக்கும் அவர் 'அண்ணே'. அவருக்கு நாங்கள் எல்லாரும் 'தம்பி'. படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, மாறுதலில் ஊர் ஊராகப் போனாலும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தோணியில் ஏறாமல் நான் இருந்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அவர் தோணி போய் ஃபைபர் படகு வந்தது. 'தம்பி' மட்டும் மாறவில்லை. போன வருஷம் மாசி மாதம் வரை.

பெரிசெல்லாம் பொட்டை

நாங்கள் தேடிப் போவது கொடுவா. ஆங்கிலத்தில் சீ பாஸ் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி, வங்காளத்தில் பேட்கி. அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போட்டுப் பிடிக்கிற பாஸ் மீன் வேறு இனம். ஆனால் அதைப் பிடிக்கப் போகிறவர்களுக்கும் நமக்கும் பைத்தியம் ஒன்றுதான்.

கொடுவா கடல் முகத்துவாரத்தில், உப்பு கூடுதலாக உள்ள தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றத் தண்ணீரோடு கழிமுகத்துக்குள் வந்து, காயல், வாய்க்கால், ஆறு என்று உள்ளே ஏறி வளரும். நல்ல தண்ணீரிலும் இருக்கும், உப்புத் தண்ணீரிலும் இருக்கும். மறுபடி முட்டையிடக் கடல் பக்கம் இறங்கும். இதில் ஒரு விசேஷம் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவத்துக்கு வரும். சில வருஷம் ஆணாக இருந்துவிட்டுப் பிறகு பெண்ணாக மாறும். இரண்டு, மூன்று கிலோ மீன்களில் பெரும்பாலானவை ஆண். ஐந்து கிலோவைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை பெண்.

இதை நான் புத்தகத்தில் படித்தது பின்னால்தான். 1989இல் அண்ணன் தோணியில் மீனைக் கீறிக்கொண்டே, "சின்னதுல சினை பார்க்க முடியாது தம்பி. பெரிசெல்லாம் பொட்டைதான்" என்றார். நாங்கள் சிரித்தோம். ஒரு மீன் சின்னதில் ஆணாகவும் பெரிசில் பெண்ணாகவும் எப்படி இருக்கும் என்று கேலி செய்தோம். அவர் எங்களோடு வாதம் செய்யவில்லை.

இந்த மீனைக் குளத்தில் வளர்க்கலாமா என்று கேள்வி–பதில் பகுதிக்கு எழுதும் வாசகர்கள் உண்டு. அவர்களுக்காக நாலு வரி. வளர்க்கலாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவா குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ஆனால் இது ஒன்றை ஒன்று தின்னும் மீன். குஞ்சுகள் சின்னதாக இருக்கும்போது சில நாட்களுக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆயிரம் குஞ்சு விட்ட தொட்டியில் கொஞ்ச நாளில் கொழுத்த சில குஞ்சுகள்தான் மிஞ்சும். குஞ்சு வாங்கும் முன் வளர்த்த ஒருவரின் குளத்தை நேரில் போய்ப் பாருங்கள்.

அன்று நடந்தது

போன மாசியில் சம்பா அறுவடை முடிந்த கையோடு போயிருந்தேன். எங்களுக்குள் ஒரு பழைய வழக்கம் உண்டு. படகுக்கு நான் தனியாகக் காசு கொடுப்பதில்லை, டீசல் மட்டும் என்னுடையது. கிடைக்கும் மீனில் குழம்புக்கு ஒன்றை நான் எடுத்துக்கொண்டு, மீதி எல்லாம் அண்ணனுக்கு. அவர் அதை விற்றுக்கொள்வார். இரண்டு பேருக்கும் கௌரவமான ஏற்பாடு.

வற்றத் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. வாய்க்கால் ஒன்று ஆற்றில் விழுகிற முனையில், பழைய மரக்கட்டைகள் நட்டுக் கிடக்கிற இடத்துக்கு மேலே படகை நிறுத்தினார். கொடுவா துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல, மறைந்திருந்து பிடிக்கிற மீன். தண்ணீர் வற்றும்போது வாய்க்காலில் இருந்து மடவைக் குஞ்சும் இறாலும் இழுபட்டு ஆற்றுக்கு வரும். கொடுவா கட்டை நிழலில் ஒதுங்கி நின்று, வருவதை வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும்.

நான் முள் கட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மாவட்டக் கூட்டத்துக்கு ஒரு பட்டியல் கேட்டார்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எத்தனை ஏக்கர், எத்தனை பயனாளிகள் என்று சொல்லியபடியே நரம்பைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இரையைக் கோத்து எறிந்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். ராடு வளைந்தது. தண்ணீரைப் பிளந்துகொண்டு மீன் வெளியே எகிறி, தலையை இப்படியும் அப்படியும் உதறியது. கதவு மாதிரி அகலம். "ஆறு, ஏழு கிலோ இருக்கும் தம்பி, விடாதீங்க" என்று அண்ணன் கத்தினார். மீன் கட்டைப் பக்கம் ஓடியது. அவர் படகைத் திருப்பத் துடுப்பை ஊன்றினார். ராடு சட்டென்று நிமிர்ந்தது. கையில் கனம் இல்லை.

"படகத் திருப்ப இவ்வளவு நேரமா அண்ணே? இத்தனை வருஷம் இந்தத் தண்ணியில இருந்து என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டேன். அலுவலகத்தில் பேசுகிற குரல் அது. இறங்கு படித்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவருடைய மகனுக்கும் அது கேட்டது.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. காற்றில் ஆடிக்கொண்டிருந்த நரம்பைப் பிடித்து இழுத்தார். நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு முழம் அளவுக்கு அதை வெட்டி, விரலில் சுருட்டி, என் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சிக்கங்க சார்" என்றார்.

முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலான பழக்கத்தில் அன்றுதான் முதல் 'சார்'.

பெரிய மீன் அறுத்துக்கொண்டு போன ஞாபகத்துக்காகக் கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதை டைரியில் வைத்தேன். அலுவலகத்தில், சொந்தக்காரர் வீட்டில், போகிற இடமெல்லாம் "நரம்பையே அறுத்துட்டுப் போச்சு, படகுக்காரர் கொஞ்சம் சுதாரிச்சிருந்தா கிடைச்சிருக்கும்" என்று கதை சொன்னேன்.

சுருண்ட நுனி

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைச் சுத்தம் செய்யும்போது டைரியில் இருந்த அந்தத் துண்டையும் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

தூண்டில் நரம்பு எதனால் போனது என்பதை அதன் நுனியே சொல்லிவிடும். கத்தரித்தது போல நேராக இருந்தால், கூர்மையான ஏதோ வெட்டியிருக்கிறது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல இருக்கும், அது பட்டால் அப்படித்தான் வெட்டும். நுனிக்கு மேலே வெளுத்து, சொரசொரப்பாக இருந்தால், கட்டையிலோ கல்லிலோ ஒட்டியிருக்கும் சிப்பியிலோ தேய்ந்து அறுந்திருக்கிறது. இரண்டும் இல்லாமல், பன்றி வால் போல நுனி சுருண்டிருந்தால், நரம்பு அறவே இல்லை என்று பொருள். முடிச்சு உருவிக்கொண்டது. முடிச்சுப் போட்டவன் சரியாகப் போடவில்லை.

என் கையில் இருந்த நுனி பன்றி வால் போலச் சுருண்டிருந்தது.

திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வயலில் பயிர் மஞ்சளித்துவிட்டது என்று ஒரு விவசாயி நாலு இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்தால், நான் என்ன சொல்வேன்? "இலையை வச்சி என்ன பார்க்கிறது? செடியை வேரோட பிடுங்கிட்டு வாங்க." புகையான் தாக்கிய நெல்லை மேலே இருந்து பார்த்தால் காய்ச்சல் மாதிரிதான் தெரியும். தூரை விரித்துப் பார்த்தால்தான் பூச்சி உட்கார்ந்திருப்பது தெரியும். "விதைக் கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று வருகிறவரிடம், "விதைநேர்த்தி செஞ்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலக்கச் சோம்பல்பட்டுவிட்டு, பழியைக் கடைக்காரர் மேல் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்த்ததும் உண்டு.

அதே ஆள், கையில் சாட்சியை வைத்துக்கொண்டு, பதினோரு மாதம் பிரித்துக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்த மீன் கிடைத்திருந்தால் அது அண்ணனுக்குச் சேர வேண்டியது. தப்பிப் போனது அவர் வீட்டு வருமானம். நஷ்டமும் அவருக்கு, திட்டும் அவருக்கு. நுனியைப் பார்த்த அந்த நிமிஷமே அவருக்குக் காரணம் தெரிந்திருக்கும். ஐம்பது வருஷமாக நரம்பைப் பிடித்த விரல்கள் அவை. மகன் எதிரில் என்னைத் திருப்பிக் கேட்காமல், சாட்சியை மட்டும் என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இந்த முறை செய்த ஏற்பாடு

அன்று முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தூண்டில் போடும் பழக்கம் உள்ள வாசகர்களுக்கு உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

நரம்பு: ரீலில் இருந்த நரம்பு எத்தனையோ வருஷத்துப் பழசு. நைலான் வெயிலில் கிடந்தால் வலு குறையும். விரலால் உருவிப் பார்த்தால் சொரசொரவென்று இருந்தது. முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் பத்துக் கிலோ தாங்கும் நரம்பைச் சுற்றினேன். கழற்றிய நரம்பைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். அப்படியே தூக்கி எறிந்தால் கோழி காலிலும் கொக்கு காலிலும் சுற்றிக்கொள்ளும்.

முன் துண்டு: முள்ளுக்கு முன்னால் மூன்று அடிக்கு, இருபது கிலோ தாங்கும் தடித்த நரம்பு. கொடுவாவின் செவுள் மூடிக்கு இதுதான் காப்பு. இரண்டு நரம்பையும் சேர்க்க, தானாகச் சுழலும் சிறிய பித்தளை வளையம். இல்லாவிட்டால் இரை சுற்றச் சுற்ற நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

முடிச்சு: நரம்பை முள்ளின் காதுக்குள் விட்டு, அதே நரம்பின் மேல் ஐந்து அல்லது ஆறு சுற்று சுற்ற வேண்டும். நுனியைத் திருப்பி, காதை ஒட்டியிருக்கும் முதல் வளையத்துக்குள் விட வேண்டும். அப்போது ஒரு பெரிய வளையம் உண்டாகும். நுனியை அதற்குள்ளும் ஒருமுறை விட வேண்டும். பிறகு எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இழுத்து இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு அந்த இடத்தில் பலவீனமாகும். நுனியை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். போன வருஷம் நான் சுற்றியது மூன்று சுற்றுதான் இருக்கும். நனைக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. காதில் போன் இருந்தது.

இருபது முடிச்சு போட்டுப் பழகினேன். ஒவ்வொன்றையும் திண்ணைத் தூணில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். நாலு முடிச்சு உருவியது. நுனி நாலிலும் அதே சுருள். அதற்குப் பிறகு போட்டவை உருவவில்லை.

முள்: நுனியைக் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து லேசாக நகர்த்துங்கள். குத்தி நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் அரம் போட வேண்டும். துருப்பிடித்ததை யோசிக்காமல் எறிந்துவிடலாம்.

ரீலின் பிடி: மீன் இழுக்கும்போது ரீல் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது. பத்துக் கிலோ நரம்பு என்றால் மூன்று கிலோ இழுப்புக்கு ரீல் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். கோழி நிறுக்கிற வில் தராசை நுனியில் மாட்டி இழுத்தேன். ஐந்தரை காட்டியது. திருகைத் தளர்த்தி மூன்றுக்குக் கொண்டுவந்தேன்.

இரை: உயிரோடு இருக்கும் மடவைக் குஞ்சு, இல்லையென்றால் உயிர் இறால். கிள்ளை பக்கத்தில் இருளர் சமூகத்தார், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். இரையை வாளியில் வைத்தால் நிழலில் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். துவண்டுபோன குஞ்சைக் கொடுவா பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏற்ற வற்றம்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அட்டமி, நவமியில் மந்தமாக இருக்கும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். காலண்டரும் உள்ளூர்க்காரர் ஒருவரின் வார்த்தையும் இருந்தால் போதும்.

ஒரு முக்கியமான விஷயம். பிச்சாவரம் காடு வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளது. நாங்கள் அதற்குள் தூண்டிலோடு போவதில்லை. உள்ளூர் மீனவர்கள் வழக்கமாகத் தொழில் செய்யும் ஆற்றுப் பக்கத்தோடு சரி. நீங்கள் எங்கே போனாலும் உள்ளூரில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மனசுக்கு என்ன ஏற்பாடு?

சாமான்களைத் தயார் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. மற்றதற்கு இன்னும் வேலை நடக்கிறது.

கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டுப் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் ஒரு நாள் இல்லாவிட்டால் வட்டாரம் ஓடாது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடும்.

படகில் அவர் காட்டும் இடத்தில் தூண்டிலைப் போடுவது, அவர் சொல்லும்போது எடுப்பது. விவசாயியின் வயலில் நான் பேசும்போது அவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். அண்ணனின் தண்ணீரில் நான் அதைச் செய்ததில்லை.

பெரிய மீன் விஷயத்தில்தான் எனக்குள் வெகுநேரம் வாதம் நடந்தது. ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட கொடுவா பெரும்பாலும் தாய் மீன். இலட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது. விதைநெல்லைப் பொங்கித் தின்னாதே என்று ஊருக்குச் சொல்கிறவன், அந்த மீனைத் திரும்பவும் தண்ணீரில் விட வேண்டும் என்றுதான் நினைப்பான். ஆனால் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்வது சுலபம். வழக்கப்படி அந்த மீன் அவருடையது. அதை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் இந்த முறை வழக்கத்தை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஒரு நாள் படகுக்கு உள்ள கூலியை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அதற்குப் பிறகு பெரிய மீன் மாட்டினால், விடுவதா வைப்பதா என்று அவர் சொல்லட்டும். கூலியை வாங்க மறுத்தாலும் மறுப்பார். அவர் எப்படிச் சொன்னாலும் அதற்குக் கட்டுப்படுவேன். பெரிசெல்லாம் பொட்டை என்று எனக்கு முதலில் சொன்னவரே அவர்தான்.

மீன் கிடைக்காமலே போகலாம். கொடுவா அப்படிப்பட்ட மீன்தான். நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வெறும் கையோடு வந்த நாட்கள் எனக்கு அதிகம். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, கடைசி வாரத்தில் புயல் வந்து சாய்த்துவிட்டுப் போனதைப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப் போனால் யார் மேலும் குறை இல்லை. முடிச்சு உருவிப் போவது அந்தக் கணக்கில் வராது.

புதன்கிழமை இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"தை அமாவாசைக்குக் கரையில கூட்டமா இருக்கும் சார். அது முடிஞ்சி மூணாம் நாள் வாங்க. பத்து பத்தரைக்கு மேல தண்ணி வத்த ஆரம்பிக்கும். நீங்க எட்டு மணிக்கெல்லாம் வந்துட்டா மடவைக் குஞ்சு வீசிப் பிடிச்சிக்கலாம்."

அந்த 'சார்' ஒவ்வொரு முறையும் குத்தியது. அப்போதே சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவர் மகன் எதிரில் நான் பேசிய பேச்சு அது. போனில் சொல்லித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

"மகனும் அன்னைக்குக் கரையில இருப்பாரா அண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"இருப்பான். ஏன் சார்?"

"நேர்ல சொல்றேன்."

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். புது நரம்பு, கூர் தீட்டிய முள், ஈயக்குண்டு, வில் தராசு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. மேல் தட்டில், கையை விட்டதும் கிடைக்கும்படி, அந்தச் சுருண்ட நரம்புத் துண்டை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பேர் எதிரிலும் அதை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத்தான் படகில் கால் வைக்க வேண்டும்.